தேய்ந்து காக்கும் பட்டை

நுழையும்முன்
பெரிய உறுப்பு நெடுநாள் நிலைக்க, சிறிய உறுப்பு ஒன்று தேய்வைத் தான் ஏற்றுக்கொள்கிறது. படகின் அடியில் அமைந்த காப்புப்பட்டை அத்தகையது. அது தேய்ந்தபின் மாற்றுப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

படகின் அடியில் முன்முனை முதல் பின்முனைவரை முதுகெலும்புபோல் நீளும் மரமே ஏரா. படகைக் கரையேற்றும்போது மணலிலும் கல்லிலும் முதலில் உரசுவது அதுவே. சட்டங்களும் பலகைகளும் ஏராவோடு பிணைந்திருப்பதால், அது தேய்ந்தால் மாற்றுவது அரிது. ஆகவே, அதன் அடியில் காப்புப்பட்டை ஒன்றைப் பொருத்துவர். ஏராவுக்கு வரும் தேய்வை அப்பட்டை ஏற்கும். தேய்ந்தபின் அதனைக் கழற்றி மாற்றலாம்.

மிக வன்மையான உலோகத்தைப் பொருத்தினால் போதாதா? வரலாறு இதற்கு விடை தருகிறது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து காக்க, 1761இல் ஆங்கிலேயக் கடற்படை 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் போர்த்தியது. 1763இல் ஆராய்ந்தபோது, செம்பு மரத்தைக் காத்திருந்தது. ஆனால், செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டிருந்தன. இடையே பழுப்புத்தாள் இருந்த இடங்களில் ஆணிகள் கெடவில்லை. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடும்போது அவை மின்கலம்போல் இயங்க, வினைபுரியும் ஆற்றல் மிக்க உலோகம் அரிக்கப்படுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் நிறையும் குறையும் உண்டு. வன்மரப் பட்டை உலோகத்தைவிட விரைவில் தேயும்; ஆயினும், மாற்றுவது எளிது. பித்தளை ஏராவின் வளைவுக்கேற்ப வளையும். ஆனால், கடல்நீரில் அதன் துத்தநாகம் கரைவதால் நலிவுறும். துருப்பிடிக்காத எஃகு உரசலைத் தாங்கும். எனினும், பட்டைக்கும் மரத்துக்கும் இடையே தேங்கும் உப்புநீரில் ஆக்சிஜன் குறையும்போது அதுவும் அரிக்கப்படும். உயரடர்த்திப் பாலிஎத்திலீன் அழுகாது, துருப்பிடிக்காது, வழுக்கிச் செல்லும். வெப்பத்தில் அது நீள்வதால், திருகாணித் துளைகளைச் சற்று நீளமாக அமைத்தல் வேண்டும்.

உலோகப் பட்டையாயின் அதற்கு இயைந்த உலோகத்தாலான திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றின் தலைகள் பட்டையின் பரப்புக்கு உள்ளே அமிழ்ந்திருத்தல் வேண்டும். இன்றேல், தலைகள் தேய்ந்து பட்டை கழன்றுவிடும். மரத்திலுள்ள துளைகளை நீர்புகாப் பசையால் அடைக்காவிடில், காப்புக்கெனப் பொருத்திய பட்டையின் மறைவிலேயே ஏரா அழுகும்.

கரை மணற்பாங்கானதா, கல் நிறைந்ததா, படகு மிதப்பது நன்னீரிலா, உவர்நீரிலா, பொருத்தும் ஆணி எவ்வுலோகத்தாலானது என்பவற்றை அறிந்த பின்னரே பட்டையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். வலிமையோடு பொருத்தமும் அமைந்த பட்டையே படகைக் காக்கும்.

கற்பவை கற்றபின்
மிதிவண்டியின் தடைக்கட்டைபோல, தான் தேய்ந்து பிறிதொன்றைக் காக்கும் உறுப்புகள் இரண்டினைக் கண்டறிந்து, அவை எப்பொருளால், ஏன் செய்யப்பட்டுள்ளன என வகுப்பில் கலந்துரையாடுக.