சிநேகிதர் வீட்டு வாசலில் சக்கர வீடு: கோடை யாத்திரிகர்கள் இப்போது செய்ய வேண்டியவை

மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையாகிய மெமோரியல் டே நெருங்கிவிட்டது. அன்று தொட்டு, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான லேபர் டே வரையில், அடுப்பும் படுக்கையும் குளியலறையும் தம்முள்ளே அடக்கிய ஆர்.வி. வண்டிகள் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சாரிசாரியாகச் செல்லும். மாணவர்களாக இந்நாட்டுக்கு வந்து, உத்தியோகம் பார்த்து, இப்போது ஓய்வு பெற்றிருக்கும் நம்மவர்களும் அவற்றுள் சிலவற்றை ஓட்டிச் செல்கிறார்கள். ஒரே விடுதியில் தங்கிப் படித்த தோழர்கள், ஒருவர் நியூஜெர்ஸியிலும் ஒருவர் டெக்ஸாஸிலும் மற்றொருவர் கலிபோர்னியாவிலுமாகச் சிதறிப்போய், கல்யாண ரிசப்ஷன்களில் கைகுலுக்குவதும் வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்புவதுமே சிநேகம் என்று ஆகிவிட்ட காலத்தில், வீட்டையே சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தேடிப் போகலாம் என்ற எண்ணம் மிகவும் சிலாக்கியமானதே. அது ஜூலையில் நிறைவேற வேண்டுமானால், இந்த வாரமே தொடங்கத்தக்க காரியங்கள் சில உண்டு.

முதற்காரியம், தேசப்படத்தை விரிப்பதற்கு முன்னால் சிநேகிதர்களுக்கு எழுதுவது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யெல்லோஸ்டோன், கிராண்ட் கான்யன் என்று பார்க்க வேண்டிய இடங்களை முதலில் வரிசைப்படுத்தி, வழியில் அகப்படும் நண்பருக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குகிறார்கள். அந்த மாலையிலும், பகலெல்லாம் வண்டி ஓட்டிய களைப்பில் விருந்தாளி தட்டின் முன்னாலேயே தூங்கி வழிய, நண்பர், பாவம், சாம்பாரை மறுபடியும் சூடுபண்ணிக்கொண்டிருக்கிறார். நண்பர்களின் ஊர்களையும் அவர்கள் சம்மதித்த தேதிகளையும் முதலில் நிச்சயித்துக்கொண்டு, இடையில் மிஞ்சும் நாட்களை மலைகளுக்கும் அருவிகளுக்கும் கொடுப்பதே முறை. தேசியப் பூங்காக்களின் முகாம் இடங்களில் பல, ஆறு மாதம் முன்னதாகவே பதிவுக்குத் திறக்கப்படுவதால், ஜூலை மாதத்து இடங்கள் இந்நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆனாலும் பதிவு செய்தவர்கள் ரத்துச் செய்யும்போது இடங்கள் மீண்டும் காலியாகும் ஆதலால், ரிக்ரியேஷன்.கவ் தளத்தை அன்றாடம் பார்த்து வரும் பொறுமை உள்ளவருக்கு அவநம்பிக்கை வேண்டியதில்லை.

எழுதும் கடிதம் ஸ்பஷ்டமாக இருக்கவேண்டும். 'அந்தப் பக்கம் வந்தால் பார்க்கிறோம்' என்று எழுதினால், மரியாதை தெரிந்த சிநேகிதர் அந்த மாதம் முழுதும் எங்கும் போகாமல் வீட்டில் காத்துக் கிடப்பார். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எத்தனை பேராக வருகிறோம், எத்தனை இரவு இருக்கிறோம், வண்டி எத்தனை அடி நீளம், படுக்கை வண்டியிலா வீட்டிலா என்பவற்றை எல்லாம் முதற் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஜூலை நான்காம் தேதியை ஒட்டி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா நடப்பது வழக்கம் ஆதலால், அந்த வாரத்தில் சிநேகிதர் ஊரில் இருப்பாரா என்று தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவர்களுக்குப் பள்ளி விடுமுறைதான் ஆண்டிலேயே அதிக வேலையுள்ள பருவம் என்பதையும் மறக்கலாகாது.

ஆர்.வி. ஓட்டுவோரிடையே மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு விதி வழங்குகிறது: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 இரவேனும் தங்கு என்பது அதன் தாத்பரியம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிமார் வகுத்த கணக்கும் இதுவும் ஒத்துப்போவதைக் கண்டு நான் வியந்ததுண்டு. அங்கே மூன்று கீழெல்லை, இங்கே மேலெல்லை. இரண்டையும் ஒருங்கே அனுசரித்து, சரியாக மூன்று இரவு என்று வைத்துக்கொண்டால் இரு திறத்தாருக்கும் க்ஷேமம். பிற்பகலிலேயே போய்ச் சேர்வதில் இன்னொரு லாபம், பழக்கமில்லாத வாசலில் முப்பதடி வண்டியைப் பின்னோக்கி நுழைக்கும் வித்தையை வெளிச்சத்தில் செய்யலாம் என்பது.

வாசல் என்றவுடன் சில கேள்விகள் எழுகின்றன. டிரைவ்வே எத்தனை அடி நீளம், எவ்வளவு சரிவு, மேலே மரக்கிளையோ கம்பியோ தாழ்ந்து தொங்குகிறதா என்று கேட்டு, ஒரு புகைப்படமும் அனுப்பச் சொல்லுங்கள். அதனினும் முக்கியமானது, ஹெச்.ஓ.ஏ. என்று வழங்கும் குடியிருப்போர் சங்கத்தின் விதி. பல சங்கங்கள் வாசலில் ஆர்.வி. நிற்பதையே ஒப்புவதில்லை, ஒப்புபவை பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்கே ஒப்புகின்றன. தெருவில் நிறுத்துவதற்கும், வண்டிக்குள் உறங்குவதற்கும் நகரசபைகள் தனித்தனியே கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இவற்றை விசாரிக்க வேண்டியவர் சிநேகிதர் என்றாலும், விசாரிக்கும்படி ஞாபகமூட்ட வேண்டியவர் நீங்கள். ஏனெனில் அபராதக் கடிதம் வருவது அவர் பெயருக்கு.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல சிநேகங்களுக்கு இடையில் சங்கடம் புகும் வழிகளில் இது பிரதானமானது. வீட்டுச் சுவரிலுள்ள சாதாரணப் பிளக் 15 ஆம்ப்பியருக்கு உரியது; 120 வோல்ட்டில் அது தரக்கூடியது 1,800 வாட், மணிக்கணக்காக எடுப்பதானால் 1,440 வாட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். ஆர்.வி.யோ 30 ஆம்ப்பியரில் 3,600 வாட்டுக்கோ, பெரியதாயின் 50 ஆம்ப்பியரில் 12,000 வாட்டுக்கோ அமைக்கப்பட்டது. கூரைமேல் இருக்கும் 13,500 பி.டி.யு. ஏ.ஸி. ஒன்றே ஓடும்போது பன்னிரண்டு ஆம்ப்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். இதைக் கராஜிலுள்ள பிளக்கில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பி வழியாக இணைத்துவிட்டுத் தூங்கினால், ஒன்று கம்பி சூடேறி ஆபத்தாகும், அல்லது பிரேக்கர் நள்ளிரவில் விழுந்து, அதே சர்க்யூட்டில் இருக்கும் ஃப்ரீஸரில் அந்த வீட்டு அம்மாள் சேர்த்து வைத்த தேங்காய்த் துருவலும் முருங்கைக்கீரையும் காலைக்குள் கரைந்து நிற்கும். ஆகவே சாதாரணப் பிளக்கில் பாட்டரி சார்ஜ், விளக்கு, விசிறி என்ற அளவோடு நின்று, குளிர்பெட்டி புரோப்பேனில் ஓடக்கூடியதாயின் அதில் ஓட்டி, பத்து கேஜ் தடிமனுள்ள குறுகிய கம்பியையே உபயோகிக்க வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் சிநேகிதர்கள் இப்போது அநேகர். அவர்கள் கராஜில் 14-50 என்ற வகைப் பிளக் இருந்தால் அது பாக்கியம், ஏனெனில் பெரிய ஆர்.வி.களின் 50 ஆம்ப்பியர் இணைப்பும் அதே வகையைச் சேர்ந்தது. அதற்குரிய பிரேக்கர் எத்தனை ஆம்ப்பியர், நான்கு கம்பிகளும் முறைப்படி இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு, 30 ஆம்ப்பியர் வண்டியானால் தக்க அடாப்டரோடு இணைக்கலாம். துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக்கும் 30 ஆம்ப்பியர்தானே என்று எண்ணி அதில் இணைக்க ஒருபோதும் துணிய வேண்டாம். அது 240 வோல்ட், உங்கள் வண்டிக்கு உரியது 120. மைக்ரோவேவ் முதல் ஏ.ஸி. வரை ஒரே கணத்தில் எரிந்துபோகும்.

தண்ணீர் விஷயம் சுலபம். குடிநீருக்கென்று விற்கும் ஹோஸையும், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். கழிவு நீர்த் தொட்டிகளை ஊருக்குள் நுழையும் முன்பே டம்ப் ஸ்டேஷனில் காலி செய்து, நல்ல நீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு சென்றால் மூன்று இரவுக்குத் தாராளமாகப் போதும். சிநேகிதர் வீட்டுச் சாக்கடை மூடியைத் திறந்து அதில் விட்டுவிடலாம் என்று அவரே தாக்ஷிண்யத்தோடு சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தெருவோர வடிகாலில் விடுவதோ சட்டவிரோதம். பல ஊர்களில் அந்த நீர் சுத்திகரிப்பு இல்லாமல் நேரே ஓடையில் போய் விழுகிறது.

ஹென்றி ஃபோர்டும், தாமஸ் எடிசனும், ஹார்வி ஃபயர்ஸ்டோனும், இயற்கையைப் பற்றி எழுதிய முதியவர் ஜான் பரோஸும் ஒரு நூற்றாண்டுக்கு முன் கோடைதோறும் மோட்டார் வண்டிகளில் கூட்டாகச் சென்று காடுகளில் கூடாரமடித்துத் தங்குவார்கள்; 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கும் அவர்களுடைய முகாமுக்கு வந்து கலந்துகொண்டார். சிநேகத்துக்காகச் செய்த கோடைப் பிரயாணம் என்றால் இந்நாட்டில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களோடு சமையற்காரரும் சாமான்கள் ஏற்றிய லாரிகளும் சென்றன. நமக்கு அந்த வசதி இல்லாததால், போகுமிடத்துச் சிநேகிதரின் மனைவியை அந்த ஸ்தானத்தில் இருத்திவிடுகிறோம். ஆர்.வி.யில் போவதன் பரம அனுகூலமே அந்த அம்மாளுக்கு ஓய்வு கிடைப்பதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். காலைக் காபியும் சிற்றுண்டியும் உங்கள் வண்டியிலேயே ஆகட்டும். ஒரு வேளை அவர்கள் வீட்டுச் சாப்பாடு, ஒரு வேளை உங்கள் அடுப்பில் அவர்களுக்கு விருந்து, மற்றொரு வேளை எல்லோரும் வெளியே என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நடுப்பகலில் இரண்டு மணி நேரம் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது மிகச் சிறந்த உபகாரம். விருந்தளிப்பவருக்கும் முகத்தைத் தளர்த்திக்கொள்ள அவகாசம் வேண்டும்.

துணையை இழந்து தனியே வாழும் சிநேகிதர் விஷயத்தில் மட்டும் மேற்சொன்னவற்றைத் தளர்த்துங்கள். அவர் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது, ஒழுங்கு என்ற பெயரில் செய்யும் கொடுமையாகிவிடும். உள்ளே சென்று அவர் சமையலறையிலேயே சமைத்து, அவரோடு உட்கார்ந்து உண்டு, மூன்று இரவு ஐந்தானாலும் கணக்குப் பாராமல் இருந்துவிட்டு வாருங்கள்.

வாசலில் இடமே இல்லையென்றால் மனங்கலங்க வேண்டாம். 1962-ல் மாண்டானா மாநிலத்துப் பில்லிங்ஸில் தொடங்கிய கே.ஓ.ஏ. முகாம்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. மாநிலப் பூங்காக்களும் ஊர்களுக்குச் சமீபத்திலேயே உள்ளன. அங்கே வண்டியை நிறுத்திச் சிநேகிதரை உங்கள் அதிதியாக அழையுங்கள். மரத்தடி மேஜையில், டெலிவிஷனும் தொலைபேசியும் குறுக்கிடாத சாயங்கால சம்பாஷணை, வரவேற்பறையில் நிகழ்வதைவிடப் பல மடங்கு மேலானது. 62 வயது நிரம்பிய பிரஜைகளும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் ஆண்டுக்கு 20 டாலர் அல்லது ஆயுளுக்கு 80 டாலர் கொடுத்து வாங்கும் முதியோர் பாஸ், தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தைப் போக்குவதோடு, மத்திய அரசின் முகாம்கள் பலவற்றில் கட்டணத்தைப் பாதியாக்கும்.

வழியைப் பற்றி. வண்டியின் உயரத்தை, கூரைமேலுள்ள ஏ.ஸி.யையும் சேர்த்து அளந்து, ஓட்டுபவர் கண்ணெதிரே எழுதி ஒட்டுங்கள். நம்மவர்கள் மிகுதியாக வாழும் கேரிக்கு அருகே, டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரமே உடையதாக இருந்து கணக்கற்ற வண்டிகளின் கூரையைச் சீவியது. 2019-ல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்திய பின்னும் சீவுகிறது. நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வே சாலைகளின் பழைய பாலங்களும் அவ்வாறே தாழ்ந்தவை. பால்டிமோர் துறைமுகத்தின் அடியே செல்லும் சுரங்கங்களில் புரோப்பேன் சிலிண்டர் வண்டிகளுக்குத் தடை உண்டு; அதற்கு மாற்றாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டதால், 695-ஆம் சாலையின் மேற்குப் பக்கமாக நகரைச் சுற்றிப் போக வேண்டும். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் மலையேறும் பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை விடமாட்டார்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு 55 மைல். டயர்களின் காற்றை விடியற்காலையில், அவை குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

கலிபோர்னியாவிலிருந்து லாஸ் வேகாஸ் போவோர் பேக்கர் என்ற ஊருக்கு அப்பாலுள்ள மேட்டை விடியற்காலையில் கடக்கட்டும். எஞ்ஜின் கொதிக்காதிருக்க ஏ.ஸி.யை அணைக்கச் சொல்லும் பலகைகள் அங்கே விளையாட்டுக்கு வைக்கப்பட்டவை அல்ல. ஓக்லஹோமா, கான்ஸாஸ் போன்ற சமவெளி மாநிலங்களில் சூறாவளி எச்சரிக்கை வந்தால், வண்டிக்குள் இருப்பதைப்போல் அபாயம் வேறில்லை. சிநேகிதர் வீட்டு நிலவறைக்கோ முகாமின் கான்கிரீட் குளியலறைக்கோ உடனே ஓடிவிட வேண்டும்.

எடுத்துச் செல்லும் பரிசுகளிலும் ஜாக்கிரதை தேவை. ஃப்ளோரிடாவிலோ டெக்ஸாஸிலோ நீங்கள் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றைக் கலிபோர்னியாச் சிநேகிதருக்குக் கொண்டுபோக ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருப்பது. அந்நோய் 2005-ல் ஃப்ளோரிடாவிலும் 2012-ல் டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அனுமதியின்றிச் செடியையோ பறித்த தழையையோ கொண்டுபோகலாகாது. கலிபோர்னியா எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். விறகும் அப்படியே. 2002-ல் மிஷிகனில் தென்பட்ட மரகத வண்டு, கொண்டுசென்ற விறகுக்குள் மறைந்தே பல மாநிலங்களுக்குப் பரவி ஆஷ் மரங்களை அழித்தது. விறகை எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள். பொடி வகைகளுக்கும் ஊறுகாய்க்கும் எந்தத் தடையும் இல்லை. விடுதிக் காலத்துப் புகைப்படங்கள் இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்ற விவாதத்திலேயே ஒரு மாலை கழிந்துவிடும்.

புறப்படும் நாளில், சிநேகிதர் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பார். நீங்களும் ஜன்னல் வழியே பதில் சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்ப எண்ணுவீர்கள். அந்த நேரத்தில்தான் மின்கம்பி சுவரிலும், ஹோஸ் குழாயிலும், மடிக்கும் படி வெளியிலுமாக நின்றுவிடுகின்றன. விடைபெறுவதற்கு அரைமணி முன்பே, ஒருவரும் பேச்சுக் கொடுக்காத வேளையில், வண்டியை ஒருமுறை வலம் வந்து இவற்றை எல்லாம் சரிபார்த்து வைத்துவிட்டு, அதன் பிறகு காபிக்கு உள்ளே போங்கள்.