பருவச் செய்தியும் சிறு விவசாயியும்

புனே நகரத்தில், முளா-முட்டா ஆற்றின் அக்கரையில் அமைந்துள்ளது ஏரவாடா. அப்பெயரைக் கேட்டவுடன் அங்குள்ள மத்தியச் சிறைச்சாலையும், 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதியன்று அங்கே கையெழுத்தான பூனா ஒப்பந்தமுமே பலருக்கும் நினைவுக்கு வரும். அதே 1932-ஆம் ஆண்டில், அதே நகரில், ஆற்றின் இக்கரையில் மற்றொரு காரியமும் தொடங்கப்பெற்றது. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் கீழ் வேளாண் வானிலைப் பிரிவு ஒன்று அங்கே நிறுவப்பட்டது. பயிருக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, அதன் பயனைக் குடியானவருக்குக் கிடைக்கச் செய்வது அதன் நோக்கமாகும்.

ஆராய்ச்சி நிலையத்தில் தெரிந்த செய்தி வயல் வரப்பு வரை சென்று பயன் தருவதற்கு இடையில் என்ன தேவைப்படுகிறது என்னும் கேள்விக்கு, 1956-இல் இதே புனேயை மையமாகக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. கிராமங்களில் பணியாற்றும் கள ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

வேளாண் வானிலை இயலின் தொடக்கம்

வானிலை ஆய்வுத்துறையின் தலைமை அலுவலகம் 1928-இல் சிம்லாவிலிருந்து பூனாவுக்கு மாற்றப்பட்டது. சிவாஜிநகரில் உள்ள அதன் கட்டடம் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே வழங்குகிறது. அதே 1928-இல் வெளியான அரச விவசாயக் கமிஷனின் அறிக்கையை ஒட்டி வேளாண் வானிலைப் பிரிவு பிறந்தது. சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்ற எல். ஏ. ராம்தாஸ் அதற்குத் தலைமை வகித்தார்.

அவருடைய ஆராய்ச்சிகளுள் ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரைதான் மிகவும் குளிர்ந்திருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் வெற்றுத் தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள காற்று, தரையைக் காட்டிலும் குளிர்ந்திருப்பதை அவர் அளந்து காட்டினார். இஃது உலகெங்கும் ‘ராம்தாஸ் அடுக்கு’ எனப் பெயர் பெற்றது. வானிலை நிலையத்தின் கூண்டுக்குள் உள்ள வெப்பமானி காட்டும் குளிரும், இளம்பயிரின் நுனி அனுபவிக்கும் குளிரும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். பயிருக்கான வானிலையைப் பயிர் நிற்கும் இடத்திலேயே அறிய வேண்டும் என்பது இத்துறையின் முதற்பாடமாயிற்று.

1945-இல் விவசாயிகளுக்கான வானிலை அறிக்கைகள் அகில இந்திய வானொலி மூலம் பிராந்திய மொழிகளில் ஒலிபரப்பாகத் தொடங்கின. 1976-இல் மாநில வேளாண்மைத் துறைகளுடன் சேர்ந்து பயிர் ஆலோசனைகளை வழங்கும் ஏற்பாடும், 2008-இல் மாவட்டவாரியான ஆலோசனைகளும் வந்தன.

இருமுறை விதைப்பு

இச்செய்தி எவ்வளவு முக்கியமானது என்பதைத் தக்காணத்துப் புன்செய் விவசாயியின் நிலையிலிருந்து பார்த்தால் தெளிவாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 65 கி.மீ. தொலைவிலுள்ள புனே நகரில் 700 மி.மீ. அளவே கிடைக்கிறது. அதே மாவட்டத்தின் தென்கிழக்கிலுள்ள பாராமதிப் பகுதியில் சுமார் 500 மி.மீ. மட்டுமே. மலையின் மறைவில் கிடக்கும் இந்நிலங்களில், கம்பு, துவரை, சோயா மொச்சை முதலியவற்றை விதைப்பவர் ஜூன் மாதத்து முதல் மழையை எதிர்பார்த்தே இருக்கிறார்.

முதல் மழை பெய்கிறது, நிலம் நனைகிறது, அண்டை நிலத்தார் விதைக்கின்றனர், தாமும் விதைக்கிறார். பின்னர் இரண்டு வாரம் வானம் வறண்டுவிடுமானால், முளைத்த பயிர் கருகிவிடுகிறது. மறுபடியும் விதை வாங்கி, மறுபடியும் உழவுக்கும் உரத்துக்கும் செலவிட வேண்டும். இதனை மராட்டியர் ‘துபார் பேரணி’, அதாவது இருமுறை விதைப்பு என்பர். பத்து ஏக்கர் நிலமும் கையிருப்பும் உடையவர் இதனைத் தாங்கக்கூடும். இரண்டு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு கடன் பெற்று முதல் விதையை வாங்கியவருக்கு இரண்டாவது விதைக்கு வழியில்லை. அவ்வாண்டில் அவர் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டுக் கூலி வேலை தேடிச் செல்ல நேரிடுகிறது.

ஆகவேதான் 75 முதல் 100 மி.மீ. வரை மழை பெய்து மண் ஆழமாக நனைந்த பின்னரே விதைக்குமாறு மகாராஷ்டிர வேளாண்மைத் துறை ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறது. எனினும் மிகவும் காலந்தாழ்த்தினாலும் மகசூல் குறையும். முந்தினால் விதை நஷ்டம். பிந்தினால் விளைச்சல் நஷ்டம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சில நாட்களை அறிந்துகொள்வதற்கே பருவச் செய்தி வேண்டியிருக்கிறது.

1956-ஆம் ஆண்டுச் சோதனை

செய்தியை ஒலிபரப்பிவிட்டால் போதுமா? இதனை அறியும் பொருட்டு யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி 1956-இல் வானொலிக் கிராம மன்றச் சோதனையை நடத்தியது. கானடா நாட்டில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்கள் இதற்கு முன்மாதிரியாக அமைந்தன. மராத்தி மொழி வழங்கும் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவில் ஒரு மன்றம் அமைந்தது. வாரத்திற்கு இரு முறை, அரை மணி நேர நிகழ்ச்சியாக, பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்பட்டன.

நிகழ்ச்சி முடிந்ததும் எவரும் எழுந்து செல்வதில்லை. கேட்டது தங்கள் ஊருக்குப் பொருந்துமா, செய்வதானால் எவ்வாறு செய்வது, எதனால் செய்ய இயலாது என்று அங்கேயே விவாதித்தனர். அமைப்பாளராக இருந்தவர் அதனைக் குறித்துக்கொண்டு, எழுந்த சந்தேகங்களை வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்பினார். அவற்றுக்குரிய விடைகள் பின்னர் ஒலிபரப்பில் கூறப்பட்டன.

இச்சோதனையின் விளைவைப் பம்பாயிலிருந்த டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் சார்பில் பேராசிரியர் பால் நியூராத் ஆராய்ந்தார். மன்றம் உள்ள கிராமங்கள், வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்கள், வானொலியே இல்லாத கிராமங்கள் என மூன்று வகையினவும் ஒப்பிடப்பட்டன. சோதனைக்கு முன்னும் பின்னும் மக்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்களது அறிவு எவ்வளவு வளர்ந்துள்ளது என்று கணக்கிடப்பட்டது. மன்றம் இருந்த கிராமங்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த கிராமங்களில் வளர்ச்சி சொற்பமே. கருவி ஒன்றே, ஆனால் கூடிப் பேசும் ஏற்பாடு ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. தனியாகக் கேட்பவர், தமக்குப் புரியாத சொல்லைப் புரியாமலே விட்டுவிடுகிறார். கூடிக் கேட்கும்போது அவ்வூரில் முன்பு அதனைச் செய்து பார்த்தவர் ஒருவர் பேசுகிறார், தவறியவரும் பேசுகிறார். பொதுவான செய்தி அங்கே அந்த ஊரின் செய்தியாகிறது. 1959 நவம்பரில் இத்திட்டம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒத்த அனுபவம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல் இரகத்துக்கு விவசாயிகள் இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’ என்பதாகும்.

அறிக்கையின் சொற்களை அறிதல்

இன்று வேளாண் வானிலை ஆலோசனை அறிக்கை வாரத்திற்கு இரு முறை, செவ்வாயன்றும் வெள்ளியன்றும் வெளியாகிறது. அடுத்த ஐந்து நாட்களுக்கான முன்னறிவிப்பு அதில் அடங்கும். அதனை வாசித்துக் காட்டுபவர் அதிலுள்ள சொற்களின் அளவை அறிந்திருத்தல் அவசியம்.

‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத நிலையங்களில் மழை பெய்யலாம் என்பது பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்பது பாதி வரையிலும், ‘அநேக இடங்களில்’ என்பது முக்கால் பங்கு வரையிலும், ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது அதற்கு மேலும் குறிக்கும். ஆகவே ‘ஓரிரு இடங்களில்’ என்ற அறிவிப்பைக் கேட்டு விதைப் பெட்டியை எடுப்பது தகாது.

மழையின் அளவும் இவ்வாறே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழைநாள் எனக் கணக்கில் சேரும். 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 64.5 மி.மீ. முதல் கனமழை.

ஓரிடத்து விதியை மற்றோரிடத்தில் அப்படியே கையாளுதலும் பிழையாகும். 75 மி.மீ. பெய்யும் வரை காத்திருப்பது மகாராஷ்டிரத்துக் கார்ப்பருவ விதைப்புக்கு உரிய அறிவுரை. இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த நிலத்தில் புழுதி விதைப்புச் செய்வது வழக்கம். அங்கே மழைக்காகக் காத்திருந்து விதைக்கச் சொல்வது பொருந்தாது. மழை தொடங்கும் நாளைப் பற்றிய செய்தியே அங்கு முக்கியம்.

பள்ளியில் மழைமானி

மாவட்ட அறிக்கை கூறும் மழையும் ஊரில் பெய்த மழையும் வேறுபடக்கூடும் என்பதற்கு லோணாவளாவும் பாராமதியுமே சான்று. இக்குறையைப் பள்ளி ஆசிரியர் எளிதில் தீர்க்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான தகர டப்பா ஒன்று போதும். மரத்துக்கும் கட்டடத்துக்கும் அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் விலகி, திறந்த வெளியில் அதனைச் சாயாமல் நிறுத்த வேண்டும். தினந்தோறும் காலை 8.30 மணிக்கு உள்ளே தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, மாணவர் ஒருவரைக் கொண்டு கரும்பலகையில் எழுதச் செய்யலாம். வானிலை நிலையங்களும் அதே நேரத்தில்தான் அளக்கின்றன.

ஒரு மி.மீ. மழை என்பது ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10,000 லிட்டர் நீர் விழுந்ததற்குச் சமம். ஏக்கருக்குச் சுமார் 4,050 லிட்டர். இக்கணக்கைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லும்போது, பெற்றோர் பள்ளிக்கு வந்து கரும்பலகையைப் பார்க்கத் தொடங்குவர்.

மன்றம் நடத்தும் முறை

கள ஊழியரும் ஆசிரியரும் சேர்ந்து, அறிக்கை வெளியாகும் நாளின் மாலையில் பதினைந்து அல்லது இருபது பேரைக் கூட்டலாம். நிலவுடைமையாளர் மட்டுமன்றி, குத்தகைதாரர்களும், விதைப்பு, களையெடுப்பு வேலைகளைச் செய்யும் பெண்களும் அதில் இடம்பெற வேண்டும். முதலில் சென்ற அறிக்கை கூறியது யாது, ஊரில் நடந்தது யாது என்பதை மழைக் குறிப்பேட்டிலிருந்து படிக்க வேண்டும். முன்னறிவிப்புத் தவறியிருந்தால் அதனை மறைக்கலாகாது. தவறியதை ஒப்புக்கொள்ளும் ஊழியரின் சொல்லையே அடுத்த முறை ஊரார் நம்புவர். பின்னர்ப் புதிய அறிக்கையைப் படித்து, இவ்வாரம் விதைப்பதா, மருந்து தெளிப்பதா, அறுவடையை முற்படுத்துவதா என்று பேசி முடிவு செய்தல் வேண்டும். விடை தெரியாத கேள்விகளைத் தனியே எழுதிவைத்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அவ்விடங்கள் பல உள்ளன. வேளாண்மை அறிவியல் நிலையங்களுள் நாட்டின் முதலாவது நிலையம், 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் பயிற்சி அளிக்கின்றன. 2004 ஜனவரி 21-இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் கட்டணமில்லாத எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். 2019 முதல் ‘மேகதூத்’ செயலி வழியாகவும் ஆலோசனைகள் கைப்பேசிக்கு வருகின்றன. 2024 அக்டோபரில் கிராம பஞ்சாயத்து அளவிலான முன்னறிவிப்பும் தொடங்கப்பட்டது. பயிர் காப்பீடு செய்தவர், ஆலங்கட்டி மழை, நீர் தேங்குதல் போன்றவற்றால் தம் வயலில் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மன்றத்தில் அடிக்கடி நினைவூட்டுதல் நலம்.

இவ்வளவு வசதிகள் பெருகியுள்ள போதிலும், 1956-இல் கண்ட உண்மை மாறவில்லை. அன்று வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமத்தின் நிலையில்தான் இன்று கைப்பேசி மட்டும் உள்ள கிராமம் இருக்கிறது. அதில் வரும் செய்தியை எடுத்துப் படித்து, ஊராரைப் பேசச் செய்து, அவர்களது கேள்வியைத் திருப்பி அனுப்பும் ஒருவர் அங்குத் தேவைப்படுகிறார். அப்பணி கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் உரியது.

பயிற்சி வினாக்கள்

1. தங்கள் ஊரில் விதைப்புக்கு உகந்த மழை எவ்வளவு என்று மூத்த விவசாயிகள் கருதுகின்றனர்? அதனை எந்த அடையாளத்தால் அறிகின்றனர்?

2. ‘ஒருசில இடங்களில் மிதமான மழை’ என்ற அறிவிப்பை, எழுத்தறியாத ஒருவருக்கு விளங்குமாறு எவ்வாறு எடுத்துரைப்பது?

3. பள்ளி மழைமானியில் 18 மி.மீ. காணப்பட்டது. இரண்டு ஏக்கர் நிலத்தில் விழுந்த நீர் எத்தனை லிட்டர்?

4. சென்ற பருவத்தில் தங்கள் ஊரில் இருமுறை விதைத்தவர் எத்தனை பேர்? முதல் விதைப்புக்கு முன் அவர்களுக்குக் கிடைத்த செய்தி யாது? அதனை அவர்கள் யாருடன் கலந்து பேசினர்?