இறக்கத்தில் எஞ்சும் சக்தி



சுவிற்சர்லாந்தின் அறோசா என்னும் மலையூர் ஏறக்குறைய 1,775 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கூர் நகருக்கு இறங்கும் வீதி சுமார் 30 கிலோமீற்றர். வளைவுகளோ 300க்கும் மேல். இறக்கம் ஏறத்தாழ 1,200 மீற்றர். பனிக்கால விடுமுறைக்குச் சென்ற குடும்பமொன்று, இரவு முழுவதும் மின்காரின் பற்றரியை நிரப்பிவிட்டுக் காலையில் இவ்வீதியில் இறங்குவதாகக் கொள்வோம். “மின்காருக்குப் பிறேக்கே தேவையில்லை” என்று நம்மவர் சிலர் பெருமையாகக் கூறுவதுண்டு. அன்று காலை அக்கூற்றுப் பொய்த்துவிடும். ஏன்?

உயரத்தில் நிற்கும் பொருளிடம் அழுத்தசக்தி உண்டு என்பதை விஞ்ஞான பாடத்திற் படித்திருப்பீர்கள். 1,800 கிலோகிராம் நிறையுள்ள கார் 1,200 மீற்றர் இறங்கும்போது ஏறக்குறைய 6 கிலோவாற்று மணி சக்தி வெளிப்படுகிறது. சக்கரங்களின் உராய்வும் காற்றின் தடையும் அதில் மூன்றிலொரு பங்கை விழுங்கினாலும் 4 கிலோவாற்று மணி எஞ்சும். குழாயிலிருந்து பிடித்த 40 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்க அது போதும்!

மின்காரில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, இச்சக்தியை மின்னாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது. இதனை மீளாக்கத் தடுப்பு என்பர். இது புதுமையன்று. 1920களிலேயே கொத்தார்ட் இருப்புப் பாதையில் ஓடிய “முதலை” என்னும் மின் இயந்திரங்கள், இறக்கத்தில் மின்னைப் பிறப்பித்து மேலுள்ள கம்பிக்கே திருப்பி அனுப்பின. (நீண்ட மூக்கினால் வந்த பெயர் அது.) ஆனால் காருக்கு அத்தகைய கம்பி இல்லை. அதன் பற்றரி ஒன்றே பாத்திரம். நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்க்க இயலுமோ? கடுங்குளிரில் உறைந்த பற்றரியும் மின்னை விரைவாக ஏற்பதில்லை. ஆகவே வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி மீளாக்கத்தைக் குறைத்துவிடுகிறது. வழமையாக மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் மெதுவாகும் கார், அன்று உருண்டோடும்.

அப்பொழுது சுமை முழுவதும் சாதாரண பிறேக்குகளின் மேல் விழும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் தட்டுகள் சூடேறிப் பிடிப்புக் குறையும். பழைய பிறேக் எண்ணெயில் ஈரம் சேர்ந்திருப்பதால் அது குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, மிதி தரைவரை தாழ்ந்துவிடவும் கூடும். பிள்ளைகள் பின்னால் அமர்ந்திருக்கும் வண்டியில் இது விளையாட்டன்று.

பெற்றோர் செய்யவேண்டியது எளிது. மலையூரில் தங்கும் இரவில் 80 வீதத்துடன் மின்னேற்றத்தை நிறுத்துக. 60 கிலோவாற்று மணிப் பற்றரியாயின் எஞ்சிய இடத்தில் அந்த 4 கிலோவாற்று மணி தாராளமாக அடங்கும். தொடக்கத்திலேயே மெதுவாக இறங்குக. பிறேக்கை உரசிக்கொண்டே வராது, உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்தபின் விடுக. எரிமணம் வீசினால் ஒதுக்கிடத்தில் நிறுத்தி ஆறவிடுக.

பயிற்சி: உங்கள் வீட்டு வண்டியின் நிறையைப் பதிவுப் பத்திரத்திற் பார்த்து, அதனை 9.8 ஆலும் இறங்கும் உயரத்தாலும் பெருக்கி, 3,600,000 ஆற் பிரியுங்கள். கிலோவாற்று மணியில் விடை கிடைக்கும்.