வெட்டுக் கொடுத்து ஜெயிப்பது

ஹாஸ்டல் வராந்தாவில் செஸ் போர்டை விரித்தால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் போடுகிற கணக்கு ஒன்றுதான். சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவன் ஜெயிப்பான். இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் வேலை செய்யாமல் மூலையில் நிற்கிற யானைக்கும் இதில் 5 போடுகிறோமே, அங்கேதான் ஓட்டை.

1858-ல் பாரிஸ் ஆபரா அரங்கில், மேடையில் இசை நாடகம் நடக்கும்போதே ஓர் ஆட்டம் நடந்தது. வெள்ளைக் காய் அமெரிக்காவின் பால் மார்ஃபிக்கு, வயது 21. எதிரே பிரன்ஸ்விக் டியூக்கும் ஒரு பிரெஞ்சுப் பிரபுவும் கலந்து பேசி ஆடினார்கள். இவர்கள் ராணியைத் தங்கள் மந்திரிக்கு முன்னாலேயே நிறுத்தி, அதன் வழியை அடைத்துவிட்டார்கள். மார்ஃபி விடுவாரா? 10-வது நகர்த்தலில் குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாயை வாங்கினார். 13-வதில் யானையைக் கொடுத்துக் குதிரையை எடுத்தார். போன யானைக்குப் பதிலாக அடுத்த நகர்த்தலிலேயே இன்னொரு யானை அதே வரிசைக்கு வந்து நின்றது. 16-வதில் ராணியையே கொண்டுபோய்க் குதிரையின் வாயில் வைத்து செக் சொன்னார். வெட்டுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. வெட்டினார்கள். 17-வதில் யானை இறங்கியது, செக்மேட்!

இப்போது நம்ம வராந்தா கணக்கைப் போடுங்கள். சிப்பாய்களை விட்டுவிட்டால் மார்ஃபியிடம் மிச்சம் ஒரு யானை, ஒரு மந்திரி, ஆக 8. எதிராளிக்கு 20. ஆனால் அந்த 20-ல் ஒரு யானையும் ஒரு மந்திரியும் ஆட்டம் முடியும்வரை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை!

நம்ம பசங்களும் பலி கொடுக்கிறார்கள். எடுத்த எடுப்பில் மந்திரியை விட்டு ராஜா பக்கத்துச் சிப்பாயை அடித்து ஒரு செக். அப்புறம்? உதவிக்கு வர வேண்டிய யானை இரண்டும் இன்னும் தூங்குகின்றன. இதற்குப் பெயர் பலி இல்லை, தானம். கொடுப்பதற்கு முன்னால் நம் காய்கள் எத்தனை அங்கே போய்ச் சேரும், எதிராளிக்கு மூச்சுவிட ஒரு நகர்த்தலாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

செக்மேட்டுக்காக மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. 1963-ல் உலக சாம்பியன் ஆன பெட்ரோசியன், 1953 சூரிச் போட்டியில் ரெஷெவ்ஸ்கியிடம் நெருக்கடியில் இருந்தார். 25-வது நகர்த்தலில் தன் யானையை மந்திரி வெட்டுகிற கட்டத்தில் சாவதானமாக வைத்தார். செக் கிடையாது, மிரட்டல் கிடையாது. தன் குதிரை நடுப் போர்டுக்கு வந்து, முன்னேறி வரும் சிப்பாய்களை அடைத்துக்கொண்டு உட்கார வழி வேண்டும், அவ்வளவுதான். ஆட்டம் டிரா. எனக்கு மார்ஃபி ஆட்டத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. இதைப் போர்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் 25-வதில் நிறுத்தி, கறுப்புக்கு வேறு நல்ல நகர்த்தல் உண்டா என்று பத்து நிமிஷம் தேடிவிட்டு மேலே போங்கள்.