அம்புக்குறி விசையின் மேல் ஒரு ஜாய்ஸ்டிக்: துணைச்சரக்குக் கொள்முதல் பற்றி ஒரு பாடம்

நம் கடைகளில் விற்கும் சரக்கை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அரிசி, சோப்பு, வேட்டி போல் தன் காலில் தானே நிற்கும் சரக்கு ஒன்று. வேறொரு பொருளோடு சேர்ந்தால் மட்டுமே பயன்படும் சரக்கு இன்னொன்று. குக்கருக்கு கேஸ்கட், அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி, செல்போனுக்கு உறை எல்லாம் இரண்டாம் வகை. இவற்றை நாம் துணைச்சரக்கு என்று அழைப்போம். துணைச்சரக்கில் லாப விகிதம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஆனால் அது தேங்கினால் தள்ளுபடி விலைக்குக்கூடப் போகாது. வீட்டில் அரிக்கேன் இல்லாதவருக்குச் சிம்னியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அவர் என்ன செய்வார்?

இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பொருள். கணிப்பொறி விசைப்பலகையின் வலப்பக்கம் கீழே நான்கு அம்புக்குறி விசைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மேல் பொருத்த ஒரு பீடம், பீடத்தின் நடுவே ஒரு குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து விசை அமுங்கும். விளையாடி முடித்ததும் கழற்றி வைத்துவிடலாம். ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது, உள்ளே சர்க்யூட்டும் கிடையாது. தன் மேல் இப்படி ஒரு பொருள் ஏறி உட்கார்ந்திருப்பதே கணிப்பொறிக்குத் தெரியாது. யாரோ விசையை அழுத்துகிறார்கள் என்ற அளவில்தான் அதற்குத் தெரியும்.

இது ஏமாற்று வேலையோ என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படியில்லை. 1977-ல் வந்த அடாரி வீடியோ விளையாட்டுப் பெட்டியின் ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தால், திசைக்கு ஒன்றாக நான்கு சுவிட்சு, சுடுவதற்கு ஒரு சுவிட்சு, அவ்வளவுதான் இருக்கும். விசைப்பலகையிலும் ஒவ்வொரு விசையும் ஒரு சுவிட்சுதான். நான்கு சுவிட்சு ஏற்கனவே மேசை மேல் இருக்கும்போது, அதன் மேல் குச்சியை மட்டும் தனியாக விற்கலாமே என்பதுதான் இந்தப் பொருளின் யோசனை. வாங்குபவருக்கு முழு ஜாய்ஸ்டிக்கின் விலை மிச்சம்.

யோசனை புதிதல்ல. 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் சின்கிளேர் நிறுவனம் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற மலிவு விலைக் கணிப்பொறியை வெளியிட்டது. வீட்டு டி.வி.யில் மாட்டி, டேப் ரிக்கார்டரிலிருந்து விளையாட்டை ஏற்றிக்கொள்ளும் கருவி அது. அதற்கு ரப்பர் விசைகள். அம்புக்குறிகள் எண் வரிசையில் 5, 6, 7, 8 ஆகிய விசைகளின் மேல் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. ஜாய்ஸ்டிக் செருக இடமே இல்லை. உடனே துணைச்சரக்குக்காரர்கள் புகுந்தார்கள். பின்பக்கம் செருகும் இணைப்புப் பெட்டியைச் சிலர் விற்றார்கள். விசைகளின் மேலேயே கவ்வி உட்காரும் குச்சியைச் சிலர் விற்றார்கள். பெட்டியை விட அது மலிவு.

பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். 1984 அக்டோபரில் அதே நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற மாதிரியை இறக்கியது. உள்ளே அதே இயந்திரம். ஆனால் ரப்பர் விசை போய் கெட்டியான பிளாஸ்டிக் விசை வந்தது. அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள், அவையும் இடைவெளி விசையின் இருபுறமும் இரண்டிரண்டாகப் பிரிந்து நின்றன. பழைய விசைகளின் அளவுக்கும் உயரத்துக்கும் வார்த்த பீடம் இதில் எப்படி உட்காரும்? 1986-ல் வந்த இன்னொரு மாதிரியிலோ ஜாய்ஸ்டிக் செருகும் துளையே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதே 1986-ல் நம் நாட்டில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த பிளஸ் மாதிரியைத்தான். ரப்பர் விசைக்கான குச்சியை லண்டனிலிருந்து யாராவது மலிவாக வாங்கி வந்திருந்தால் இங்கே அதைப் பொருத்தக் கணிப்பொறி கிடைத்திருக்காது.

சரி, ஒயர் வைத்த அசல் ஜாய்ஸ்டிக்காவது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. 1990-களில் கணிப்பொறியின் பின்பக்கம், பெரும்பாலும் சவுண்ட் கார்டில், 15 ஊசித் துளை ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் கேம் போர்ட். 1996-ல் யூ.எஸ்.பி. அறிவிக்கப்பட்டது, சில ஆண்டுகளில் அந்தத் துளை கணிப்பொறிகளிலிருந்து மறையத் தொடங்கியது. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அதை ஆதரிப்பதையே விட்டுவிட்டது. 15 ஊசி ஜாய்ஸ்டிக்கை அலமாரியில் அடுக்கி வைத்திருந்த கடைகளுக்கு அதற்குப் பிறகு வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? விசை மேல் வைக்கும் குச்சிக்கு அந்தக் கதி இல்லை. அதற்குத் துளையும் வேண்டாம், விண்டோஸும் வேண்டாம். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: விசைகள் தம் இடத்தில், தம் அளவில் இருக்க வேண்டும்.

அந்த அளவைக் கொஞ்சம் பார்ப்போம். மேசைக் கணிப்பொறியின் விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். அமுக்கினால் 4 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே போகும். 1981-ல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் அம்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. வலப்பக்க எண் கட்டத்தின் 8, 4, 6, 2 தான் அம்புக்குறியும். கீழே மூன்று, மேலே ஒன்று என்று தலைகீழ் ‘டி’ எழுத்துப் போல் நிற்கும் இன்றைய அமைப்பு, 1982-ல் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் நிறுவனத்தின் எல்.கே.201 விசைப்பலகையில் வந்து, பின்னர் ஐ.பி.எம்.மின் 101 விசைப் பலகையிலும் ஏறி, எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எண் கட்டத்தில் 5 நடுவில் இருக்க, நான்கு திசை விசைகளும் அதைச் சுற்றிச் சமதூரத்தில் நிற்கின்றன. குச்சி ஊன்ற அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தலைகீழ் ‘டி’யிலோ நடு என்று ஒரு இடமே இல்லை, கீழ் அம்புதான் இடதுக்கும் வலதுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பீடத்தின் கால்கள் சமமாக இருக்க முடியாது. மட்டமான வார்ப்பில் மேலே தள்ளும்போது கீழ் விசையும் சேர்ந்து அமுங்கும். இடது தள்ளினால் வலது தூக்கிக்கொள்ளும். மாதிரி பார்க்கும்போது நான்கு திசையையும் தனித்தனியாக இருபது முறையாவது தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு மேலும் இடதும் சேர்த்துச் சாய்த்தபடி இடைவெளி விசையைத் தட்டிப் பார்க்க வேண்டும். மலிவான விசைப்பலகைகள் சிலவற்றில் மூன்று விசை ஒன்றாக அமுங்கினால் மூன்றாவது பதிவாகாது. அது உள்ளே கம்பிகள் ஓடும் முறையால் வருவது, குச்சியின் குற்றமல்ல. ஆனால் “சுட மாட்டேங்குதுங்க” என்று பொருளைத் திருப்பிக்கொண்டு வரும் வாடிக்கையாளரிடம் அந்த விளக்கம் எடுபடாது. விற்கும்போதே சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடியும்.

இன்னொன்றையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். விசை என்பது அமுங்கும் அல்லது அமுங்காது. பாதி என்பது கிடையாது. டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா போன்ற தாவி ஓடும் விளையாட்டுக்கு அது போதும். விமானம் ஓட்டுகிறவருக்குக் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். அவருக்கு இதைத் தள்ளிவிடுவது வியாபாரமல்ல.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். கங்கைகொண்ட சோழபுரம் திருச்சி–சிதம்பரம் சாலையில் இருக்கிறது. கோயில் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆடித் திருவாதிரைக்கும் விடுமுறை நாள்களுக்கும் கூட்டம் வருகிறது. கோயில் வாசலில் பொம்மை விற்கும் கடை ஒன்று, ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் கணிப்பொறி உதிரி விற்கும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குச்சியை எங்கே வைப்பது? கூட்டம் இருக்கும் இடத்தில் என்று தோன்றும். எங்கள் கருத்து வேறு. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் தன் வீட்டு விசைப்பலகையைக் கையில் கொண்டுவருவதில்லை. பொருந்துமா என்று பார்க்க முடியாத இடத்தில் துணைச்சரக்கு விற்றால், பொருந்தாத குறை அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். திட்டு நம் ஊருக்கு வரும். தவிரவும், பொம்மை என்று சொல்லிச் சிறுவர்களுக்கு விற்றால் 2021 ஜனவரி முதல் நடப்பில் உள்ள பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் குறுக்கே வரும்.

உதிரிக் கடையிலோ ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம். நம் பகுதியில் பல வீடுகளில் இருப்பது மேசைக் கணிப்பொறி அல்ல, மடிக்கணிப்பொறி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவையும் அதில் அடக்கம். மடிக்கணிப்பொறியின் விசை 1½ முதல் 2 மில்லிமீட்டர்தான் இறங்கும். அடியில் கத்தரிக்கோல் போல் குறுக்காகப் பின்னிய மெல்லிய பிளாஸ்டிக் கால்கள். பல மாதிரிகளில் மேல், கீழ் அம்புகள் பாதி உயரத்துக்கே இருக்கும். இதன் மேல் குச்சியை வைத்தால் என்ன ஆகும்? குச்சி நெம்புகோல். 8 சென்டிமீட்டர் குச்சியும் 2 சென்டிமீட்டர் தள்ளிய காலும் என்றால், விரல் கொடுக்கும் பலம் விசையில் நான்கு மடங்காக இறங்கும். விளையாட்டு வேகத்தில் பிள்ளை இழுக்கிற இழுப்புக்கு அந்தக் கால்கள் தாங்காது. முறிந்தால் விசை ஒன்றை மட்டும் மாற்ற எளிதில் கிடைக்காது. விசைப்பலகை முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். நாம் விற்றது நூறு ரூபாய்ச் சரக்கு. கெட்டது அந்த வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறி. கல்லூரிப் பாடம், வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். “எந்தக் கணிப்பொறிக்கு?” என்று கேட்காமல் இதை விற்கவே கூடாது. மடிக்கணிப்பொறி என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அல்லது தனியாகச் செருகும் யூ.எஸ்.பி. விசைப்பலகையோடு சேர்த்துக் கொடுங்கள். அப்போது விற்பனையும் இரண்டாகிறது.

எத்தனை வாங்குவது? கணக்குக்காக, கொள்முதல் 60 ரூபாய், விற்பனை 100 ரூபாய் என்று வைப்போம். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு டஜன் எடுத்தால் முதல் 1,440 ரூபாய். 15 விற்றுவிட்டது, 9 நின்றுவிட்டது என்றால் ஏட்டில் 15 × 40, அதாவது 600 ரூபாய் லாபம் தெரியும். கல்லாவில் வந்தது 1,500, போட்டது 1,440. கையில் மிஞ்சியது 60 ரூபாய், பஸ் செலவுக்குக் காணாது. மீதி 540 ரூபாய் அலமாரியில் தூசி படிகிறது. ஒரே டஜன் எடுத்து முழுவதும் விற்றால் 720-க்கு 1,200. 480 ரூபாய் ரொக்கமாகக் கையில். இரண்டாம் டஜனுக்குக் கொஞ்சம் விலை குறைத்துத் தருகிறேன் என்று மொத்த வியாபாரி சொல்லும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் செல்போனில் விளையாடும் காலம் இது. இந்தச் சரக்கு ஓடுகிற சரக்கல்ல.

வாங்கும்போது அட்டையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்சச் சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி, புகாருக்குத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் பாலிதீன் பையில் வரும் வெளிநாட்டுச் சரக்கில் இவை இருக்காது. ஆய்வுக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடையில் வைத்திருப்பவர்.

விளையாட்டைத் தவிர வேறு ஒரு வாடிக்கையாளரும் இதற்கு உண்டு. விரல் நடுங்கும் பெரியவர், ஒரு கையில் பலம் குறைந்தவர், சிறு விசையைக் குறிபார்த்துத் தட்ட முடியாதவர் ஆகியோர் உள்ளங்கையால் குச்சியைத் தள்ளி டேலியில் ஒவ்வொரு வரியாக இறங்கலாம். அவர்களுக்கு விற்றால் ஒரு சின்ன வேலையும் சேர்த்துச் செய்து கொடுங்கள். குச்சியைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தால் விசை தானே மீண்டும் மீண்டும் அடித்து நான்கு வரி தாண்டிவிடும். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் கீபோர்டு பகுதியைத் திறந்து, ரிப்பீட் டிலே என்பதை லாங் பக்கம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. தனியாகக் காசு வாங்க வேண்டியதில்லை.