ஒப்பனைத் தொழிலில் தனித்துறை

பூவும் நறுஞ்சுண்ணமும் விற்ற மதுரைத் தெருக்களை மதுரைக்காஞ்சி காட்டுகிறது; ஒப்பனை இந்நகருக்குப் புதிதன்று. இன்று அழகுக்கலை, அரசு ஏற்புடைய ஓராண்டுத் தொழிற்பயிற்சி. அதை முடித்தவுடன் மணப்பெண் ஒப்பனையை மட்டும் தேர்ந்துகொள்ளலாமா? முகூர்த்த நாள்களில் வருவாய் மிகும். திருமணங்கள் அருகும் ஆடியிலும் மார்கழியிலும் அது குன்றும். முடிதிருத்தமும் தோல் பராமரிப்பும் ஆண்டு முழுதும் கைகொடுக்கும். மேலும், பலவகைத் தோலையும் கையாண்டு பழகியவரே ஒவ்வாமையை முன்னறிந்து தவிர்க்க வல்லவர். ஆகவே, முதலில் அனைத்தையும் பயிலுதல் நன்று. குறிப்பிட்ட ஒரு பணிக்காகவே பலரும் மீண்டும் மீண்டும் நாடிவரும் காலமே அதில் தனித்திறன் பெறுதற்குரிய காலம். திருமங்கலம், உசிலம்பட்டி வயல்களில் மல்லிகையை அரும்பு முற்றிய பின்னர், மலர்வதற்கு முன்னர்ப் பறிப்பர். முந்தினால் மணம் குன்றும். பிந்தினால் விலை குன்றும். தொழில் தேர்வும் அத்தகையதே.