களைப்பைப் போக்கக் கஞ்சாவா? ஓடும் இளைஞர்களுக்கு மார்க்கம் தரும் பதில்

(மேல்சித்தாமூர் சுற்றுவட்டாரச் சகோதரர்களுக்கு ஆற்றப்பட்ட ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறேன்.

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே!

ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் செஞ்சி, திண்டிவனம் சாலைகளில் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சிலர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்தான் அதில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். சிலர் ராணுவத் தேர்வின் 1.6 கிலோமீட்டருக்காக ஓடுகிறார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கும் மாரத்தான்களுக்காகப் பயிற்சி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கவே மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் ஓடும் இளைஞர்களிடையே இன்று ஒரு பேச்சு பரவுகிறது. "கொஞ்சம் இழுத்துவிட்டு ஓடினால் களைப்பே தெரியாது", "வெளிநாட்டில் 100 கிலோமீட்டர் ஓடுகிறவர்களே கஞ்சா பயன்படுத்துகிறார்கள்", "சி.பி.டி. எண்ணெய் தடவினால் கால் வலி போய்விடும், அது போதையே இல்லை" என்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் இதைச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. இதில் எது உண்மை, எது பொய்? மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது? இன்றைய உரையில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஓட்டம் நமக்குப் புதிதல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

நபித்தோழர்களில் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர்பெற்றவர் ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்கள். நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களை ஒரு கூட்டம் கொள்ளையடித்துச் சென்றபோது, அவர் தன்னந்தனியாகக் கால்நடையாகவே அவர்களைத் துரத்திச் சென்று ஒட்டகங்களை மீட்டார். நம் காலாட்படை வீரர்களில் சிறந்தவர் ஸலமா என்று நபி (ஸல்) அவர்கள் அவரைப் பாராட்டினார்கள்.

மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் யாரிடமும் தோற்றிராத அன்ஸாரி ஒருவர், என்னோடு மதீனா வரை ஓட யாராவது உண்டா என்று அறைகூவல் விடுத்தார். ஸலமா (ரலி) நபியவர்களிடம் அனுமதி பெற்று ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடினார். எப்படி ஓடினார் என்பதை அவரே விவரிக்கிறார். முதல் ஒன்றிரண்டு மேடுகளில் வேகத்தை அடக்கி மூச்சைச் சேமித்துக்கொண்டார். பிறகு வேகம் எடுத்தார். மறுபடியும் அடக்கினார். கடைசியில் முழு வேகத்தில் ஓடி அந்த மனிதரை எட்டிப் பிடித்து, தோள்களுக்கு இடையே தட்டி, நீர் தோற்றுவிட்டீர் என்றார். இந்தச் செய்தி முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இளைஞர்களே! இன்றைக்கு ஓட்டப் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவதும் இதைத்தான். மூச்சைச் சேமி, வேகத்தைப் பங்கிடு, கடைசிக் கட்டத்துக்குப் பலத்தை வைத்துக்கொள். அல்லாஹ் கொடுத்த உடலை அறிந்து அதைத் திறமையாகப் பயன்படுத்தினார் அந்த நபித்தோழர். அதுதான் அவருடைய வெற்றிக்குக் காரணம்.

கடினமான உழைப்பு ஒரு காரணமாகுமா?

"நாங்கள் ஜாலிக்காகப் பயன்படுத்தவில்லை, கடினமாக உழைக்கிறோம், உடம்பு தாங்குவதற்காகத்தான்" என்று சிலர் சொல்கிறார்கள். இதே காரணம் நபி (ஸல்) அவர்களிடமே சொல்லப்பட்டிருக்கிறது.

யமன் பகுதியைச் சேர்ந்த தைலம் அல்ஹிம்யரீ (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். தங்கள் ஊர் குளிர் பிரதேசம் என்றும், அங்கே தாங்கள் கடினமான வேலைகளைச் செய்வதாகவும், வேலைக்கு வலிமை பெறவும் குளிரைத் தாங்கவும் கோதுமையிலிருந்து ஒரு பானம் தயாரித்து அருந்துவதாகவும் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: அது போதை தருமா? ஆம் என்று பதில் வந்ததும் அதைத் தவிர்த்துக்கொள்ளும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூதில் 3683ஆவது ஹதீஸாக இது இடம்பெற்றுள்ளது.

கவனியுங்கள் சகோதரர்களே! அவர்கள் பொய் சொல்லவில்லை. குளிர் உண்மை, உழைப்பும் உண்மை. அதனால் வலிமை கிடைத்ததாக அவர்கள் உணர்ந்ததும் உண்மை. ஆனால் பலன் உண்டா என்று நபியவர்கள் விசாரிக்கவில்லை. அறிவை மறைக்கிறதா என்பதைத்தான் விசாரித்தார்கள். மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் இருந்தாலும் அதன் பாவம் பயனை விடப் பெரியது என்று அல்லாஹ்வும் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனத்தில் கூறுகிறான். ஆகவே கால் வலி குறைகிறதே என்ற வாதத்துக்கு மார்க்கத்தில் இடமில்லை.

குடிப்பது மட்டும்தான் தடையா?

"குர்ஆன் மதுவைத்தானே தடுக்கிறது, கஞ்சா இலைதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றும்போது இதைத் தெளிவுபடுத்திவிட்டார்கள். திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலிருந்து அன்று மது தயாரிக்கப்பட்டதைச் சொல்லிவிட்டு, அறிவை மூடக்கூடியது எதுவோ அதுவே மது என்று இலக்கணம் கொடுத்தார்கள். இது புகாரியில் உள்ளது. பொருள் எதிலிருந்து வருகிறது, குடிக்கிறோமா புகைக்கிறோமா மிட்டாயாகத் தின்கிறோமா என்பது முக்கியமல்ல. அது அறிவை என்ன செய்கிறது என்பதே முக்கியம்.

முஸ்லிம் நாடுகளில் கஞ்சாப் பழக்கம் பரவிய காலத்திலேயே நம் அறிஞர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹப் அறிஞரான இமாம் ஸர்கஷீ (மரணம் ஹிஜ்ரி 794) இதன் தடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். இப்னு தைமிய்யாவும் இது ஹராம் என்றே தீர்ப்பளித்தார்.

"கொஞ்சம்தான், போதை ஏறாத அளவுக்குத்தான்" என்ற வழியும் அடைக்கப்பட்டுவிட்டது. அதிக அளவில் போதை தருவது எதுவோ அதன் சிறிய அளவும் ஹராம் என்ற கருத்தில் நபிமொழி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது.

உண்மையிலேயே ஓட்டத்துக்கு உதவுகிறதா?

மார்க்கத் தீர்ப்புக்கு இந்தக் கேள்வி அவசியமில்லை. இருந்தாலும் காணொளிகளைப் பார்த்து ஏமாறும் தம்பிமார்களுக்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே கஞ்சா பயன்படுத்திவிட்டு ஓடும் பழக்கம் உள்ள 42 பேரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுச் சோதித்து, முடிவை 2023இல் வெளியிட்டார்கள். கஞ்சாவோடு ஓடியபோது ஓட்டம் இன்பமாக இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் போதை தரும் டி.எச்.சி. அதிகமுள்ள வகையைப் பயன்படுத்தியவர்களுக்கு, அதே ஓட்டம் வழக்கத்தை விடக் கடினமாகத் தெரிந்தது. மனதுக்கு இன்பம், உடம்புக்குப் பாரம்! டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. புகையோ ஓடுகிறவனுக்கு மிகவும் தேவையான நுரையீரலைக் கெடுக்கிறது. 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டியவனுக்கு இது எப்படி உதவும்?

இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நீண்ட நேரம் ஓடியபின் மனதில் ஓர் அமைதியும் மகிழ்ச்சியும் வரும். வலி குறைந்தது போல இருக்கும். ஓடுகிற எல்லோருக்கும் இது தெரியும். மனித மூளையே சுரக்கும் ஒரு பொருளை 1992இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். டி.எச்.சி. மூளையில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ, அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. நன்றாக ஓடும்போது இரத்தத்தில் இதன் அளவு கூடுகிறது. சுப்ஹானல்லாஹ்! உழைத்து ஓடுகிறவனுக்கு வேண்டிய ஆறுதலை, அறிவை மறைக்காத அளவோடு, அல்லாஹ் அவனுடைய உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறான். அதைக் கடையில் தேடி வாங்க வேண்டியதில்லை.

சி.பி.டி. எண்ணெயின் நிலை என்ன?

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் ஹராம் என்று சொல்லிவிட்டுப் போவது அறிவுடைமை அல்ல. கஞ்சாச் செடியில் உள்ள சி.பி.டி. என்ற பொருள் டி.எச்.சி.யைப் போலப் போதை தருவதில்லை. கடுமையான சில வகை வலிப்பு நோய்களுக்கு, சுத்திகரிக்கப்பட்ட சி.பி.டி. மருந்தை 2018இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அப்படிப்பட்ட நோயுள்ள குழந்தைக்கு, தகுதியான மருத்துவர் எழுதித் தரும் மருந்தை, கஞ்சா என்ற பெயரைக் கேட்டுப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். நபியவர்கள் கேட்ட கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: அது போதை தருமா? தராது என்றால் அதன் நிலை வேறு.

ஆனால் இணையத்தில் விற்கும் புட்டிகளின் கதை வேறு. அமெரிக்காவில் இணையம் வழியாக விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருட்களை வாங்கி ஆய்வு செய்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 26இல் மட்டும்தான் லேபிளில் போட்டிருந்த அளவு சரியாக இருந்தது. 18இல் போதை தரும் டி.எச்.சி. இருந்தது. கட்டுப்பாடுகள் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், யாரோ கைமாற்றித் தரும் புட்டியை எப்படி நம்புவது? ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையில் உள்ள சந்தேகமானவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கால் வலிக்கு ஓய்வும், ஒத்தடமும், நல்ல உணவும், தேவையானால் மருத்துவரும் இருக்கும்போது இந்தச் சந்தேகத்தை நாம் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

ஒரு நிமிடத்தில் போகும் வாழ்க்கை

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா, 2018 முதல் சி.பி.டி.யை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. டி.எச்.சி. உள்ளிட்ட மற்றவை போட்டிக் காலத்தில் இன்றும் தடைதான். போட்டிக்கு முந்தைய இரவு 11.59 மணியிலிருந்தே அந்தக் காலம் தொடங்குகிறது. டி.எச்.சி. கொழுப்பில் தங்கும் பொருள். தொடர்ந்து பயன்படுத்துகிறவர் நிறுத்திப் பல நாட்கள் ஆனாலும் சிறுநீர்ச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை ஷாகேரி ரிச்சர்ட்சன் 2021இல் தகுதிப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்தார். கஞ்சா பயன்படுத்தியது சோதனையில் தெரிந்ததால் ஒரு மாதத் தடை விதிக்கப்பட்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரால் ஓட முடியாமல் போனது. தன்னைப் பெற்ற தாய் இறந்த துக்கத்தில் அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். துக்கத்தில் நாடிய ஒரு சிறிய பொருள், பல ஆண்டு உழைப்பின் பலனைப் பறித்துக்கொண்டது.

நம் நாட்டிலோ இது விளையாட்டோடு முடிவதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறிய அளவு கஞ்சா கையில் இருந்தாலே ஓராண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டுகள். 2022இல் தமிழகக் காவல்துறை 'கஞ்சா வேட்டை 2.0' என்று மாநிலம் முழுவதும் தேடுதல் நடத்தியது நினைவிருக்கும். காவலர் வேலைக்காக ஓடுகிற தம்பியே! ஓட்டத்தில் வென்றாலும், முன்னடத்தைச் சரிபார்ப்பில் ஒரு கஞ்சா வழக்கு இருந்தால் அந்த வேலை உனக்கு எப்படிக் கிடைக்கும்? உன் தாய் கடன் வாங்கிக் கொடுத்த பயிற்சிக் கட்டணம் என்னாகும்?

நம் பகுதியில் சமண மடம் இருக்கிறது. அங்குள்ள மக்கள் மதுவையும் போதையையும் தங்கள் கொள்கையாகவே விலக்கி வாழ்கிறார்கள். பக்கத்தில் வாழும் நாம், இதைத் தெளிவான ஹராம் என்று அறிந்தவர்கள், அவர்களை விடப் பின்தங்கலாமா?

பெற்றோர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

மகன் சிக்கிக்கொண்டான் என்று தெரிந்தால் அடித்து வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். துரத்தினால் அவன் விற்கிறவனிடம்தான் போய்ச் சேருவான். மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். இது புகாரியில் உள்ளது. தவறைத் தவறு என்றே சொன்னார்கள். ஆனால் மனிதரைக் கைவிடவில்லை.

சிகிச்சைக்கு வழி இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் மத்திய அரசின் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாகவே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு வழக்கில் அவருக்குப் பாதுகாப்புத் தர அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. மானம் போய்விடும் என்று மறைத்து வைக்காதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஃபஜ்ருக்குப் பின் ஓடும் இளைஞர்களோடு ஒரு பெரியவராவது மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். தண்ணீரும் இரண்டு பேரீச்சம் பழமும் கொடுங்கள். நல்லவர்கள் அவர்கள் பக்கத்தில் நின்றால், கெட்டதைக் கொண்டுவருகிறவன் அங்கே வரத் தயங்குவான்.

இளைஞர்களே! போதையோடு தொழுகையை நெருங்கக்கூடாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆவது வசனத்தில் இறைவன் கட்டளையிட்டிருக்கிறான். ஃபஜ்ர் தொழுத கையோடு ஓடப் போகிறவன் லுஹருக்கும் தெளிவான அறிவோடு திரும்பி வர வேண்டும். ஸலமா (ரலி) ஓடியது போல மூச்சைச் சேமித்து ஓடுங்கள். நேரம் குறையவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பயிற்சி எடுங்கள். தேர்வு மறுபடியும் வரும். அறிவை அடகு வைத்து ஜெயிக்க வேண்டிய ஓட்டம் எதுவும் நமக்கு இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும் அறிவுக்குத் தெளிவையும் தருவாயாக! சிக்கிக்கொண்டவர்களை மீட்டுத் தருவாயாக! ஹலாலான உழைப்பில் அவர்களுக்கு வெற்றியைத் தருவாயாக! ஆமீன்.